பழைய ஜீப்பின் பாடியில் துருவேறிய தகடுகளைச் செப்பனிடும் முறை

பழைய ஜீப் வகை வண்டியின் பாடியில் ஓரிடத்தில் பெயிண்ட் கொப்பளித்து எழுந்திருந்தால், துரு அங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பிலோ மூடிய சட்டத்திலோ தொடங்கி, தகட்டின் கனம் முழுவதையும் உள்ளிருந்தே அரித்துத் தீர்த்த பிறகுதான் வெளிப் பெயிண்டைத் தூக்கியிருக்கும். ஆகையால் ஓட்டையை அடைக்கும் வழியைத் தேடுவதற்கு முன், அந்த இடத்துக்குத் தண்ணீர் எவ்வழியாக வந்தது, வந்த தண்ணீர் ஏன் வடியாமல் நின்றது என்ற இரண்டுக்கும் விடை காண வேண்டும். இந்த விடை கிடைக்காமல் செய்யப்படும் டிங்கரிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், புதிய தகடும் பழைய தகடு போன வழியிலேயே போகும்.

இரும்பு துருப்பிடிப்பதற்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து தேவைப்படுகின்றன. உப்பு கலந்த ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. உருவாகும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் (புள்ளி புள்ளியாக உருக்கி இணைக்கும் முறையில்) இணைத்த விளிம்புக்குள் துரு புகுந்துவிட்டால், அந்தப் பருமனே தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. பிரிந்த இடைவெளியில் மேலும் ஈரம் புகுகிறது. ஸ்பாட் புள்ளிகளுக்கு இடையே விளிம்பு அலையலையாக உப்பித் தெரிவதற்குக் காரணம் இதுதான். அத்தகைய விளிம்பை வெளியிலிருந்து தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதால் பயன் ஒன்றும் இல்லை. இரண்டு தகடுகளையும் பிரித்தே ஆக வேண்டும். சேற்றில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சட்டங்களுக்குள் புகுந்து இறுகிய சேறு ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்வதால், வண்டி வெளியே நன்றாக உலர்ந்திருக்கும்போதும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

ஒவ்வொரு வண்டிக்கும் அதன் அமைப்பினாலேயே ஏற்பட்ட பலவீனமான இடங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்களின் ஃப்ளோருக்கு அடியில், தொப்பி வடிவத்தில் மடிக்கப்பட்ட சட்டங்களுக்குள் மரக்கட்டை வைக்கப்பட்டிருந்தது. அந்த மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சட்டத்தையும் அதன்மேல் உள்ள ஃப்ளோரையும் சேர்த்தே அரித்துவிடுகிறது. மேலிருந்து ஃப்ளோரில் ஒரு கோடுபோலத் துரு தெரிந்தால், அதற்கு நேர் கீழே இந்தச் சட்டம் இருக்கும். அதே வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியும், பின்சக்கரங்களுக்கு மேலே உள்ள கருவிப் பெட்டிகளும் தண்ணீரும் குப்பையும் தேங்கும் இடங்கள்.

1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவரின் பாடித் தகடுகள், போருக்குப் பின் எஃகு கிடைப்பது அரிதாக இருந்த காரணத்தால், பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. இதனால் அவ்வண்டிக்குத் துருப் பிரச்சினையே இல்லை என்று நம்பி வாங்குவோர் பலர். ஆனால் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும் எஃகினால் ஆனவை. கால் வைக்கும் குழிகளும், கதவுத் தூண்களின் அடிப்பகுதியும், கண்ணாடிக்குக் கீழே உள்ள மேல் மூலைகளும் முதலில் அரிக்கின்றன. மேலும் அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வண்டிகளில் பின்பக்கக் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழுள்ள சட்டம், பின்கதவு வந்து உட்காரும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வண்டி எதுவாயினும், தண்ணீர் தன் எடையால் எங்கே போய்ச் சேருமோ அங்கே பார்ப்பது பொது விதி.

ஆய்வைத் தொடங்கும் முன் இருக்கைகளையும் மேட்டுகளையும், ஃப்ளோரின்மேல் ஒட்டியுள்ள தார்ப் பூச்சுகளையும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிறகு வண்டியின்மேல் ஹோஸ் குழாயால் சிறிது நேரம் தண்ணீர் விட்டு, அது எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒருவர் உள்ளே இருந்து பார்த்துச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிரித்துப்போட்ட பின் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. கண்ணாடிச் சட்டத்தின் காய்ந்த ரப்பர், ஃபயர்வாலில் வயர் போகும் துளைகள், அடைபட்ட வடிகால் துளைகள் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகளாக அகப்படும்.

வண்டி உலர்ந்ததும், சிறு சுத்தியின் முனையாலோ பழைய திருப்புளியாலோ தகட்டை அடுக்கடுக்காகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மெலிந்த தகட்டின் ஒலி மந்தமாக இருக்கும். திருப்புளியை அழுத்தினால் உள்ளே குழிவிழும். முன்பு யாரேனும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மறைத்த இடங்களைக் கண்டறிய, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பாடியின்மேல் நகர்த்தினால் போதும். பட்டியின் கனம் கூடக்கூடக் காந்தத்தின் பிடி தளரும். கண்ணாடி இழைப் பாயும் பிசினும் கொண்டு அடைத்த ஓட்டைகள் இந்த வகையில் மிக மோசமானவை, ஏனெனில் அந்த அடைப்புக்கும் தகட்டுக்கும் இடையே ஈரம் நின்று, அடைத்த காலம் முழுவதும் ஓட்டையின் விளிம்பை அரித்துக்கொண்டிருக்கும். ஓட்டை உள்ளங்கையளவு தெரிந்தால் வெட்ட வேண்டிய பகுதி அதைப்போல் இரு மடங்காவது இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

பிரிப்பதற்கு முன்

வில்லிஸ் ஜீப்பிலும் பழைய சீரிஸ் வகை லேண்ட் ரோவர் பலவற்றிலும் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குக் கீழேயே இருக்கிறது. அதாவது நாம் வெட்டவும் வெல்டிங் செய்யவும் போகும் ஃப்ளோருக்கு மிக அருகில். டேங்கைக் காலி செய்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. காலியான டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. டேங்கைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் வைத்துவிட வேண்டும். பெட்ரோல் குழாய்களின் முனைகளையும் அடைத்துவிட வேண்டும். பேட்டரியைத் துண்டிப்பதோடு ஆல்டர்னேட்டரின் வயரையும் கழற்றிவிட்டால் அதன் டயோடுகள் தப்பிக்கும். பழைய சட்டங்களுக்குள் எஞ்சியிருக்கும் மெழுகும் எண்ணெயும் தாரும் வெல்டிங் சூட்டில் உள்ளேயே கனன்று, வேலை முடிந்து வெகு நேரம் கழித்துத் தீப்பற்றக்கூடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடைசி வெல்டிங்குக்குப் பின் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும்.

மூச்சு வழியாக வரும் ஆபத்துகள் இதைவிடக் குறைவாகவே பேசப்படுகின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்நிலையில் கிரைண்டரால் தேய்த்துத் தூசியாக்கினால் அத்தூசி வேலை செய்பவரின் உடலுக்குள் மட்டுமன்றி, அவர் உடையோடு வீட்டுக்கும் போகும். ஈரமாகத் தேய்ப்பதோ ரசாயன ரிமூவரால் உரிப்பதோ நல்லது; எதைச் செய்தாலும் நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி கட்டாயம். துத்தநாகம் பூசிய தகட்டின்மேல் வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்வது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது: அந்தச் சூட்டிலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். வெல்டிங்குக்கு முன் துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முற்றிலும் ஆவியாகிப் போன பின்பே ஆர்க் (வெல்டிங்கின் மின்சுடர்) தொடங்க வேண்டும்.

அடுத்தது, பாடியின் வடிவத்தைக் காப்பது. மேற்கூரை இல்லாத திறந்த பாடியில் ஃப்ளோரும் பக்கச் சட்டங்களும்தான் எலும்பு. அவற்றை வெட்டியதும் பாடி கண்ணுக்குத் தெரியாத அளவில் விரியும் அல்லது முறுகும், அந்நிலையில் புதுத் தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. எனவே வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கேயும், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கும், 25 மி.மீ. சதுரக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து பிணைக்க வேண்டும். மூலைவிட்ட அளவுகளை இரு பக்கமும் எடுத்து எழுதி வைக்க வேண்டும். பாடியை அதன் சொந்தச் சேசிஸின் மேல், எல்லா மவுண்டிங் போல்ட்டுகளும் மாட்டிய நிலையில் வைத்தே வேலை செய்ய முடிந்தால், சேசிஸே அச்சாக நின்று வடிவத்தைக் காக்கும். இரு பக்கச் சட்டங்களும் கெட்டிருந்தால் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்பே மறுபக்கத்தை வெட்ட வேண்டும்.

மேல் துருவும் குழித் துருவும்

எல்லாத் துருவுக்கும் வெட்டு தேவைப்படாது. பெயிண்டுக்குக் கீழே பழுப்பு நிறமாகப் படிந்த மேல் துருவைக் கம்பி பிரஷ் சக்கரத்தாலோ, பெயிண்ட் உரிக்கும் மென்மையான டிஸ்க்காலோ எளிதில் எடுத்துவிடலாம். சிக்கல் குழித் துருவில்தான். கம்பி பிரஷ் மேற்பரப்பைப் பளபளப்பாக்கிவிடும். ஆனால் குழிகளுக்குள் துரு கறுப்புப் புள்ளிகளாக அப்படியே இருக்கும். பளபளப்பைக் கண்டு ஏமாந்து அதன்மேல் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் வரும் முதல் பூச்சு) அடித்தால், அந்தப் புள்ளிகளிலிருந்தே மீண்டும் கொப்புளம் கிளம்பும். மணல் வீச்சு குழிகளைத் தெளிவாகச் சுத்தம் செய்யும் என்றாலும், பானட், கதவு போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் அதைப் பயன்படுத்தினால் தகடு நெளிந்துவிடும். அதைச் சட்டங்களுக்கும் பிராக்கெட்டுகளுக்கும் வைத்துக்கொள்வது உத்தமம்.

அகன்ற தகடுகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றது. அது குழிகளில் உள்ள துருவைக் கரைத்து, மேற்பரப்பில் இரும்புப் பாஸ்பேட் படலம் ஒன்றையும் விட்டுச் செல்லும். காயவிடாமல் அடிக்கடி நனைத்து, தேய்த்து, இறுதியில் தண்ணீரால் நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். எஞ்சிய அமிலத்தின் மேல் எபாக்சி (இரு பாகம் கலந்து இறுகும் பிசின்) பிரைமர் சரியாகப் பிடிக்காது. கழற்றக்கூடிய கீல், பிராக்கெட் போன்ற சிறு பாகங்களைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம், அல்லது சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மின்பகுப்பு முறையால் சுத்தம் செய்யலாம். மின்பகுப்பில் பாகத்தை எதிர்முனையோடும், ஒரு சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணைக்க வேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சான குரோமியச் சேர்மங்கள் கரைசலில் கலக்கும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

துருவை மாற்றிக் கறுப்பாக்கும் கன்வெர்ட்டர் திரவங்களைப் பற்றி என் கருத்து இதுதான்: கையும் கருவியும் எட்டாத உட்புறங்களுக்கு அவை உதவும், கை எட்டும் இடத்தில் அவற்றை ஊற்றிவிட்டுத் துருவை எடுக்காமல் விடுவது வேலையைத் தள்ளிப்போடுவதுதான். குழித் துருவை எடுத்த பின் எஞ்சிய தகட்டின் கனம் பாதிக்கும் குறைவாக இருந்தாலோ, பின்னால் விளக்கு வைத்துப் பார்க்கும்போது ஊசிமுனை ஒளி தெரிந்தாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வெட்டுதலும் தகடு செய்தலும்

வெட்டுக் கோட்டைத் துருவின் விளிம்பில் போடக் கூடாது. இருபுறமும் பளிச்சென்று தெரியும் நல்ல உலோகத்துக்குள் 20 முதல் 30 மி.மீ. வரை தள்ளிப் போட வேண்டும். மெலிந்த தகட்டில் ஆர்க் பட்டவுடன் அது உருகி ஓடி ஓட்டை பெரிதாகுமே தவிர, வெல்டிங் நிற்காது. அதே நேரத்தில் தேவைக்கு மேல் வெட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். தொழிற்சாலையில் அழுத்தி எடுத்த வளைவுகளும் மூலைகளும் கையால் மீண்டும் கொண்டுவரக் கடினமானவை. அவை நல்ல நிலையில் இருந்தால் காப்பாற்ற வேண்டும். முழுத் தகட்டையும் மாற்றிவிட்டால் வேலை எளிதாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் உண்மையான உலோகம் அத்தோடு போய்விடும். வெளியே கிடைக்கும் மறுதயாரிப்புத் தகடுகளை வாங்கினால், எதையும் வெட்டுவதற்கு முன் பழைய தகட்டின்மேல் வைத்து வளைவு, துளைகள், கனம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

புதுத் தகடு பழைய தகட்டின் கனமே இருக்க வேண்டும். பெயிண்ட் எடுத்த நல்ல பகுதியில் காலிப்பர் வைத்து அளந்து பார்த்தால், பெரும்பாலும் 20 கேஜுக்கும் 18 கேஜுக்கும் இடையில், அதாவது ஏறத்தாழ 0.9 முதல் 1.2 மி.மீ. வரை வரும். கனமான தகடு உறுதியானது என்று எண்ணி 2 மி.மீ. தகட்டை 1 மி.மீ. தகட்டோடு சேர்த்தால், ஒன்று உருகும் சூட்டில் மற்றது ஓட்டையாகும். குளிர்நிலையில் உருட்டிய சாதாரண மைல்டு ஸ்டீல் தகடு போதும். துத்தநாகம் பூசியதைத் தவிர்க்க வேண்டும்.

அட்டையில் வடிவம் வெட்டி, அதை வண்டியில் வைத்துப் பார்த்துத் திருத்திய பின் தகட்டுக்கு மாற்ற வேண்டும். மடிப்புகளுக்கு, வைஸில் இரண்டு இரும்புக் கோணச் சட்டங்களுக்கு இடையே தகட்டை இறுக்கி, மரச்சுத்தியால் சிறிது சிறிதாக முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்திலேயே அடித்தால் தகடு நீண்டு நெளியும். ஒட்டுத் தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டினால், வெல்டிங் சூடு ஒரே புள்ளியில் குவியாது. ஃப்ளோரில் இருக்கும் நீண்ட வரிப் பள்ளங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல; அவைதான் ஃப்ளோரை விறைப்பாக வைத்திருக்கின்றன. புதுத் தகட்டிலும் அவற்றை உருவாக்காவிட்டால் ஃப்ளோர் ஓட்டத்தில் அதிர்ந்து சத்தம் போடும். நாளடைவில் வெல்டிங் ஓரத்தில் விரிசலும் வரும்.

தகட்டைச் செய்து முடித்த பிறகுதான் வண்டியில் வெட்ட வேண்டும். புதுத் தகட்டை இடத்தில் வைத்து, கூரான ஊசியால் சுற்றிக் கோடிட்டு, கோட்டுக்குச் சற்று உள்ளேயே மெல்லிய கட்டிங் வீலால் வெட்டி, மீதியை அரத்தால் ராவிக் கச்சிதமாகச் சேர்க்க வேண்டும். இடைவெளி எங்கும் 1 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விளிம்புகளில் இருக்கும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பிரிக்க, முதலில் கம்பி பிரஷால் பெயிண்டை எடுத்தால் சிறு வட்டத் தழும்புகள் தெரியும். அவற்றின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, ஸ்பாட் கட்டரால் மேல்தகட்டை மட்டும் வெட்டி, கீழ்த்தகட்டைச் சேதமில்லாமல் விட வேண்டும். பிரித்ததும் இரு தகடுகளுக்கு இடையே தெரியும் துருவைப் பார்த்தால், வெளியிலிருந்து தேய்ப்பது ஏன் வீண் என்பது எவருக்கும் புரிந்துவிடும்.

வெல்டிங்

வெளித் தகடுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்ப்பதே சிறந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வெல்டிங் செய்வது எளிது. ஆனால் ஏறிய இடத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கும் ஒரு புது மடிப்பை நாமே உண்டாக்கிவிடுகிறோம். ஃப்ளோரில் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளலாம்: மேல்தகட்டின் ஓரம் தண்ணீர் வடியும் திசையில் அமைந்திருக்க வேண்டும், இரு பக்கமும் சீலர் (இணைப்பை அடைக்கும் பசை) போட வழி இருக்க வேண்டும்.

கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்குக்கு 0.6 மி.மீ. கம்பி இந்தக் கனத்துக்கு ஏற்றது, 0.8 மி.மீ. கம்பியாலும் முடியும் என்றாலும் ஓட்டை விழும் வாய்ப்பு கூடும். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, தனிக் கார்பன் டை ஆக்சைடைவிட மெல்லிய தகட்டில் சாந்தமாக எரியும், தெறிப்பும் குறையும். வண்டியைத் தொடுவதற்கு முன், அதே கனமுள்ள இரண்டு துண்டுகளை வைத்து மெஷினின் அளவுகளைச் சரிசெய்து, துண்டைத் திருப்பிப் பார்த்துப் பின்புறமும் உருகி இணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். எர்த் கிளாம்பைப் பெயிண்ட் எடுத்த உலோகத்தில், வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். இரு தகடுகளின் இரு பக்கமும் பளபளக்கும் உலோகமாக இருக்க வேண்டும். பின்புறத்தில் மிஞ்சிய பெயிண்டும் துருவும் வெல்டிங்குக்குள் குமிழியாக வந்து சேரும்.

முதலில் மூலைகளில் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) அடித்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, டேக்குகளுக்கு இடையே 25 மி.மீ. இடைவெளி வரும்வரை அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு டேக்குக்குப் பின்னும் இரு தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து, இல்லையெனில் அப்போதே சுத்தியால் சரிசெய்ய வேண்டும். அதன்பின் இடைவெளிகளையும் டேக்குகளாலேயே நிரப்ப வேண்டும். ஒரே இழுப்பில் நீளமாகக் கோடு போடும் ஆசையை முற்றிலும் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அகன்ற தகட்டை நெளியச் செய்வது அந்த ஒரு கோடுதான். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்து டேக்குக்குப் போக வேண்டும். ஈரத் துணியால் சட்டென்று குளிர்விப்பதைவிடத் தானாக ஆறவிடுவது நல்லது. இடைவெளி சற்று அகன்றுவிட்ட இடத்தில் பின்னால் ஒரு செம்புப் பட்டையை வைத்துப் பிடித்தால், உருகிய உலோகம் வழிந்து போகாது. அது செம்பில் ஒட்டவும் செய்யாது.

வெல்டிங் ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கமே சுற்றியுள்ள தகட்டை உள்ளிழுத்து அலையாக்குகிறது. இதைச் சரிசெய்ய, மேடாக நிற்கும் வெல்டிங்கை முதலில் ஓரளவு கிரைண்டரில் தணித்து, பின்புறம் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து, வெல்டிங் கோட்டின் மேலேயே சுத்தியால் தட்டி உலோகத்தை மீண்டும் நீளச் செய்ய வேண்டும். பட்டியின் தேவையைக் குறைப்பது இந்த ஒரு பழக்கம்தான். இதற்குச் செலவிடும் நேரத்தைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள்; ஆனால் நல்ல டிங்கரிங் வேலைக்கும் பட்டியால் மறைத்த வேலைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங்கில் வரும் இணைப்பு மென்மையானது என்பதால் அது இந்தத் தட்டுதலுக்கு இன்னும் நன்றாக இணங்கும். கிரைண்டரை அழுத்திப் பிடித்துத் தகட்டை நீலம் பாயவிட்டால் அந்தச் சூடே மறுபடி நெளிவை உண்டாக்கும். ஃப்ளாப் டிஸ்க்கை மெதுவாக, இடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். முடிந்ததும் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஊசித்துளைகள் இருந்தால் நிரப்ப வேண்டும்.

ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில், மேல்தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளைகள் இட்டு, இரண்டையும் இறுகப் பிடித்து, துளையின் நடுவில் கீழ்த்தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி வெளிநோக்கி நிரப்ப வேண்டும். பழைய புள்ளிகளின் இடைவெளியையே பின்பற்றினால் வடிவமும் வலிமையும் மாறாது. மூடிவிட்ட பிறகு உள்ளே பெயிண்ட் அடிக்க முடியாது என்பதால், சேர்ப்பதற்கு முன்பே ஒட்டும் முகங்களில் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமரை அடித்து, துளை வரும் இடத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிட வேண்டும். வில்லிஸ் ஜீப்பின் தொப்பிச் சட்டத்தை மாற்றுவோர் உள்ளே மீண்டும் வெறும் மரத்தை வைக்கக் கூடாது. மூல அமைப்பைக் காப்பது அவசியம் என்று கருதுவோர், மரத்தின் எல்லா முகங்களிலும் எபாக்சியை ஊறவிட்டு, சட்டத்தின் உட்புறத்துக்கும் பெயிண்ட் அடித்த பிறகே வைக்க வேண்டும்.

அலுமினியத் தகடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எஃகைத் தேய்த்த பிரஷும் டிஸ்க்கும் அதன்மேல் படக் கூடாது. பதிந்த இரும்புத் துகள்களே அரிப்பின் விதைகளாகும். நெளிந்த தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகி விரிசல்விடும் என்பதால் முதலில் இளக்க வேண்டும்: சோப்பை மேலே தேய்த்து, பின்புறமிருந்து மெதுவாகச் சூடேற்றி, சோப்பு கரும்பழுப்பாகும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். அலுமினியம் நிறம் மாறாமலேயே உருகிவிடும் என்பதால் இந்த அடையாளம் இன்றிச் சூடேற்றுவது ஆபத்து. எஃகுச் சட்டத்தோடு மீண்டும் இணைக்கும்போது இரு முகங்களுக்கும் பிரைமர் அடித்து, இடையே சீலரோ மெல்லிய ரப்பர் பட்டையோ வைத்து, இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாமல் ரிவெட் அடிக்க வேண்டும்.

பிரைமர் முதல் மெழுகு வரை

வெற்று எஃகு காற்றின் ஈரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். வெறும் கையால் தொட்ட இடம் இன்னும் விரைவில் பிடிக்கும். ஆகவே தேய்த்து முடித்த அன்றே கிரீஸ் நீக்கியால் துடைத்து, இரு பக்கமும் எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். சாதாரணப் பிரைமர்கள் பல நுண்துளைகள் கொண்டவை. அவற்றின் வழியே ஈரம் உள்ளே இறங்கும். எபாக்சியே உண்மையில் தடுப்புச் சுவர். பட்டியும் அதுபோலவே ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், வெற்றுத் தகட்டின்மேல் பட்டி வைப்பதைவிட, எபாக்சி காய்ந்த பின் அதைச் சற்றுச் சொரசொரப்பாக்கி அதன்மேல் பட்டி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பட்டி 3 மி.மீட்டருக்கு மேல் போக வேண்டிய நிலை வந்தால் தகட்டை மறுபடி தட்ட வேண்டும் என்று பொருள். பட்டியை இறுகச் செய்யும் ஹார்ட்னரைத் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்திலேயே கலக்க வேண்டும். அதிகம் சேர்த்தால் விரைவில் இறுகுமே தவிர நன்றாக இறுகாது, மேல் பெயிண்டில் கறையும் படியும்.

இணைப்புகள், மடிப்புகள் எல்லாவற்றிலும் எபாக்சிக்கு மேல் சீம் சீலர் போட வேண்டும். குளியலறைக்குப் பயன்படும் சிலிக்கானை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதில் பலவகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு இரும்பை அரிக்கும், அதன்மேல் பெயிண்டும் நிற்காது. சட்டங்களின் அடிப்பகுதியில் வடிகால் துளை இருக்கும் இடத்தைச் சீலர் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியைக் கட்டையில் சுற்றிய 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180 வரை தேய்த்து, சர்ஃபேசர் (தேய்த்துச் சமன்படுத்தும் பூச்சு) அடித்து, அதன்மேல் மெல்லிய கறுப்புப் பூச்சைத் தூவி, 400 எண் தாளால் தேய்த்தால், பள்ளமான இடங்களில் கறுப்பு எஞ்சி நின்று காட்டிக்கொடுக்கும். மேல் பெயிண்ட் அவரவர் விருப்பம். இரண்டு பாகமாகக் கலக்கும் பெயிண்டுகளின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருப்பதால், வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லாமல் அவற்றை ஸ்பிரே செய்யவே கூடாது. அந்த வசதி இல்லாதவர்கள் பெயிண்டிங்கை மட்டும் அதற்கான பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுவது நல்லது. வேலை ஆரம்பித்தபோது பொருத்திய தற்காலிகக் குழாய்களை, கதவுகளை மாட்டி இடைவெளிகளைச் சரிபார்த்த பிறகு, பெயிண்டுக்கு முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பெயிண்ட் முழுவதும் காய்ந்த பின், மூடிய சட்டங்களுக்குள் நீண்ட குழாய் முனையால் கேவிட்டி மெழுகைச் செலுத்த வேண்டும். வெல்டிங் செய்த ஒவ்வோர் இடத்தின் பின்புறத்திலும் சூட்டில் பெயிண்ட் எரிந்து வெற்று உலோகம் இருக்கும் என்பதால், பழுதுபார்த்த சட்டங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. மெழுகு வடிகால் துளைகளில் வழிந்து வரும்வரை அடித்து, வழிவது நின்றதும் ஒரு கம்பியால் அத்துளைகளைத் திறந்துவிட வேண்டும். அடிப்புறத்தில் தடித்த தாரைப் பூசுவதை நான் விரும்புவதில்லை: அது காலப்போக்கில் வெடித்து, வெடிப்பில் புகுந்த தண்ணீரைப் பார்வைக்கு மறைத்து வைக்கும். எபாக்சியும் பெயிண்டும் அவற்றின்மேல் ஒளி ஊடுருவும் மெழுகும் இருந்தால், கீழே குனிந்து பார்க்கும்போதே நிலை தெரியும். பெட்ரோல் டேங்கை மாட்டுவதற்கு முன் அதன் குழியின் வடிகால் திறந்திருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்து, டேங்குக்கும் தகட்டுக்கும் இடையே ஈரத்தை உறிஞ்சும் கம்பளிப் பட்டைகளுக்குப் பதிலாக ரப்பர் பட்டைகளை வைத்துப் பொருத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வடிகால் துளைகளில் கம்பியை விட்டுச் சேற்றை எடுத்து, கழுவி, உலர்ந்த பின் மெழுகு தேய்ந்த இடங்களில் மட்டும் மீண்டும் அடித்துக்கொள்ளலாம்.